சொகுசு எஸ்.யூ.வி.க்கு ஆல்-சீசன் டயரா, வின்டர் டயரா? ஒன்ராறியோ ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போர்ஷே கயென், பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5, மெர்சிடிஸ் ஜி.எல்.ஈ. போன்ற, வேகத்துக்கும் சொகுசுக்கும் பெயர்பெற்ற பெரிய வாகனங்களை ரொறன்ரோவிலும் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் பகுதிகளிலும் ஓட்டுபவர்கள் ஒக்டோபர் பிறந்ததும் கேட்கத் தொடங்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. அளவுகளைப் பற்றிப் பேசும் இடங்களில் 2019 முதல் 2023 வரையான கயெனும், 2019 மாதிரியாண்டில் வந்த ஜி05 வகை எக்ஸ்5-உம் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. வேறு வாகனம் வைத்திருப்பவர்களுக்கு எண்கள் மாறும், காரணங்கள் மாறா.

ஆல்-சீசன், ஆல்-வெதர், வின்டர் என்று கடையில் மூன்று பெயர் சொல்கிறார்கள். இவற்றுக்கிடையே உண்மையான வேறுபாடு என்ன?

முதல் வேறுபாடு ரப்பர்க் கலவையில் இருக்கிறது. கோடைக்கால டயரின் ரப்பர் சூட்டில் உறுதியாக நிற்கும்படி ஆக்கப்பட்டது. குளிர் ஏற ஏற அது இறுகி, வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களைப் பற்றும் திறனை இழக்கிறது. வின்டர் டயரின் ரப்பரில் சிலிக்காவும் குளிரில் நெகிழும் பொருட்களும் கூடுதலாகச் சேர்க்கப்படுவதால், பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகையிலும் அது மென்மை குன்றாமல் இருக்கிறது.

இரண்டாவது வேறுபாடு மேற்பரப்பில் கண்ணுக்கே தெரியும். வின்டர் டயரின் ஒவ்வொரு ரப்பர்க் கட்டையிலும் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். வாகனம் நகரும்போது அவை திறந்து மூடிப் பனியைக் கவ்வுகின்றன. ஆல்-சீசன் டயரில் இவ்வெட்டுகள் குறைவு. அதன் ரப்பரும் நெடுங்காலம் தேயாமல் ஓட வேண்டும் என்பதை முதல் நோக்கமாகக் கொண்டது. ஆல்-வெதர் என்பது இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆண்டு முழுவதும் கழற்றாமல் ஓடலாம் என்றாலும், கடும் பனிக்கான சோதனையில் தேறிய அடையாளம் அதன் பக்கச்சுவரில் இருக்கும்.

எனது வாகனத்தில் நான்கு சில்லுகளுக்கும் இயக்கம் உண்டு. அப்படியிருக்க வின்டர் டயர் எதற்கு?

இந்த ஒரு கேள்விக்கான பதிலைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் பாதி எளிதாகிவிடும். நான்கு சில்லு இயக்கம் வாகனத்தைப் புறப்படச் செய்வதற்கு உதவும். நிறுத்துவதற்கு அது உதவாது. உலகத்தில் ஓடும் எல்லாக் கார்களுக்கும் நான்கு சில்லிலும் பிரேக் இருக்கிறது. எனவே பிரேக்கை அழுத்திய கணத்தில் எக்ஸ்டிரைவ் என்ற நான்கு சில்லு இயக்கம் கொண்ட உங்கள் பி.எம்.டபிள்யூ.வும் பக்கத்து வீட்டுக்காரரின் முன்சில்லு இயக்கக் காரும் ஒரே நிலைக்கு வந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு பேசுவது டயர் மட்டுமே.

ஒரு கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம், இறுகிய பனியில் உராய்வுக் குணகம் (வீதியைப் பற்றும் பிடியின் அளவு) 0.3 கிடைக்கும் டயருடன் பிரேக் அடித்தால் ஏறக்குறைய 33 மீற்றரில் நிற்கும். அதே இடத்தில் 0.2 மட்டுமே தரும் டயராயின் 49 மீற்றர் தேவை. முதல் வாகனம் முழுமையாக நின்றுவிட்ட அந்த 33ஆவது மீற்றரில், இரண்டாவது வாகனம் இன்னும் மணிக்கு 29 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முன்னால் நிற்பது ஒரு பாடசாலைப் பேருந்து என்றால் அந்த 29 என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

குதிரைவலுவும் நான்கு சில்லு இயக்கமும் இந்த வாகனங்களில் இன்னொரு சிக்கலையும் உண்டாக்குகின்றன. மோசமான டயருடனும் வாகனம் தயக்கமின்றிப் புறப்பட்டு வேகமெடுத்துவிடுவதால், வீதி எவ்வளவு வழுக்குகிறது என்பதை ஓட்டுநர் முதன்முதலில் உணர்வது பிரேக் அடிக்கும்போதோ வளைவில் திரும்பும்போதோதான்.

7 பாகை செல்சியஸ் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

டயர்த் தொழிலில் நெடுநாளாகச் சொல்லப்படும் வழிகாட்டி எண் அது. வெப்பநிலை ஏறத்தாழ அந்த அளவுக்குக் கீழே இறங்கும்போது கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்குவதும், ஈரமான வீதியில் வின்டர் டயரின் பிடி அதைவிட மேலாவதும் பொதுவான போக்கு. 8 பாகையில் எல்லாம் நலம், 6 பாகையில் ஆபத்து என்று பொருள்கொள்ள வேண்டாம். ரொறன்ரோவில் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை காலை வேளைகள் பெரும்பாலும் இந்த எண்ணுக்குக் கீழேயே இருக்கின்றன என்பதுதான் இங்கு பயன்படும் செய்தி. அந்த மாதங்களில் வீதியில் பனியே இல்லாத நாட்களிலும் டயரின் ரப்பர் குளிரில்தான் வேலை செய்கிறது.

பக்கச்சுவரில் உள்ள அடையாளங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று முகடுகள் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த அடையாளத்தைத் தேடுங்கள். 1999இல் அமெரிக்க, கனேடிய ரப்பர்த் தொழில் அமைப்புகள் கொண்டுவந்த அடையாளம் இது. இறுகிய பனியில் செய்யும் சோதனையில், ஒப்பீட்டுக்கென வைத்திருக்கும் தரநிலை டயரைவிடக் குறைந்தது பத்து வீதமாவது கூடுதல் பிடி கிடைத்தால் மட்டுமே இதைப் பொறிக்கலாம்.

எம் பிளஸ் எஸ் என்ற எழுத்துகள் சேற்றையும் பனியையும் குறிப்பவை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் எந்த ஓட்டச் சோதனையும் இல்லை. தவாளிப்புகளின், அதாவது டயரின் மேற்பரப்பில் ஓடும் பள்ளங்களின், வடிவமும் பரப்பும் குறிப்பிட்ட விதத்தில் இருந்தால் போதும். ஏறத்தாழ எல்லா ஆல்-சீசன் டயர்களிலும் இது இருக்கும். "ஸ்னோ போட்டிருக்கிறது அண்ணா, பயப்படாதீங்கோ" என்று கடைக்காரர் இந்த எழுத்துகளைக் காட்டினால் மலை அடையாளம் எங்கே என்று கேளுங்கள்.

மலை அடையாளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வட அமெரிக்காவில் அந்தச் சோதனை அளப்பது பனியில் முன்னோக்கி இழுக்கும் பிடியை. ஐஸில் பிரேக் அடிக்கும் திறனையோ வளைவில் திரும்பும் திறனையோ அது அளப்பதில்லை. ஆகவே ஒரே அடையாளம் தாங்கிய ஆல்-வெதர் டயரும் முழு வின்டர் டயரும் ஐஸில் ஒரே மாதிரி நிற்கும் என்று எண்ணுவது பிழை.

சட்டம் என்ன சொல்கிறது? மொன்றியலில் உள்ள உறவினர் வீட்டுக்கு டிசெம்பரில் போகலாமா?

ஒன்ராறியோவில் வின்டர் டயர் கட்டாயமில்லை. கியூபெக்கில் 2008 முதல் கட்டாயம். இப்போது டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலை அடையாளம் கொண்ட டயர் இருக்க வேண்டும், தவறினால் 200 முதல் 300 டொலர் வரை அபராதம். அந்தச் சட்டம் கியூபெக்கில் பதிவான வாகனங்களுக்கானது. ஒன்ராறியோ இலக்கத்தகடுடன் 401 பெருவீதியில் ஏறிப் போய்வருபவருக்கு அது பொருந்தாது. ஆனாலும் கோர்ன்வாலுக்கு அப்பால் ஜனவரியில் வீசும் காற்று இலக்கத்தகட்டைப் பார்த்து வீசுவதில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகள் பலவற்றில் ஒக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குளிர்கால டயர் தேவை. அங்கே எம் பிளஸ் எஸ் எழுத்துகளும் ஏற்கப்படும். தவாளிப்பு ஆழம் குறைந்தது 3.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும்.

வாகனம் வாங்கியபோது என்ன டயர் வந்தது என்பதே தெரியவில்லை. எப்படி அறிவது?

பலரும் இதைப் பார்க்காமலே விவாதத்துக்கு வந்துவிடுகிறார்கள். பக்கச்சுவரில் எம் பிளஸ் எஸ் என்றோ மலை அடையாளமோ இல்லையென்றால் அது கோடைக்கால டயர். 21 அல்லது 22 அங்குலச் சில்லுகளுடன் வரும் வேகரக மாதிரிகளில் இது சாதாரணம். கயென் டர்போ ஜி.டி. பிரெல்லியின் பி ஸீரோ கோர்ஸா என்ற, ஏறத்தாழ பந்தயத் தன்மையுள்ள டயருடன் விற்கப்பட்டது. அத்தகைய வாகனத்தின் உரிமையாளருக்கு "ஆல்-சீசனே போதாதா" என்ற கேள்வியே எழாது, ஏனெனில் அவரிடம் ஆல்-சீசன் இல்லை. கடும் உறைகுளிரில் இவ்வகை டயர்களின் ரப்பரில் வெடிப்பு விழக்கூடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். வெளியே நிறுத்தி வைத்த வாகனத்தை ஒரு ஜனவரிக் காலையில் சில அடிகள் நகர்த்துவதுகூட அவற்றுக்கு நல்லதல்ல.

அப்படியானால் ஆல்-சீசன் யாருக்குமே போதாதா?

சிலருக்குப் போதும். வீட்டிலிருந்து வேலை செய்பவர், பனி கொட்டும் நாளில் வாகனத்தை எடுக்காமல் இருக்கக்கூடியவர், வீட்டில் வின்டர் டயர் போட்ட இன்னொரு வாகனம் உள்ளவர், குளிர்காலத்தை ஊரில் கழிப்பவர் ஆகியோர் நல்ல ஆல்-சீசனுடன் காலம் தள்ளலாம். பிரதான வீதிகளில் உப்புப் போட்டுப் பனியை அள்ளிவிடும் வேகம் ரொறன்ரோப் பகுதியில் பாராட்டத்தக்கது என்பதையும் சொல்ல வேண்டும்.

எனினும் தேர்வை நிர்ணயிக்க வேண்டியது வழக்கமான நாளல்ல. தவிர்க்க முடியாத ஒரு நாள்தான் கணக்கு. அதிகாலை நான்கு மணிக்குப் பியர்சன் விமான நிலையத்துக்கு ஆளைக் கூட்டிப் போக வேண்டியிருக்கும். இரவுப் பணி முடிந்த தாதி ஒருவர் பனியள்ளும் வண்டி இன்னும் வராத உள்வீதியால் வீடு திரும்ப வேண்டியிருக்கும். அத்தகைய நாள் ஆண்டுக்கு ஒன்றிரண்டாவது உங்களுக்கு வருமென்றால் ஆல்-சீசன் போதாது.

ஆல்-வெதரை ஆண்டு முழுவதும் போட்டுவிட்டால் இரண்டு செட் வாங்கும் செலவு மிச்சம்தானே?

மிஷ்லென் கிராஸ்கிளைமேட் 2 போன்றவை வந்தபின் இது நியாயமான கேள்வியாகிவிட்டது. சாதாரணக் குடும்ப எஸ்.யூ.வி. ஒன்றுக்கு, நகருக்குள் மட்டும் ஓடுபவருக்கு, இதையே நானும் பரிந்துரைப்பேன். வேகரக வாகனத்துக்குத் தயங்குவேன். முதலாவது, 21 அங்குலத்தில் முன்பின் வெவ்வேறு அகலம் கொண்ட அளவுகளில் ஆல்-வெதர் டயர் கிடைப்பது அரிது. இரண்டாவது, ஜூலையில் 30 பாகை வெயிலில் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட வாகனம் வளைவில் சாயும்போது அதன் மென்மையான ரப்பர் நெளியும். ஸ்டியரிங்கில் அந்தத் தளர்வு தெரியும். கயெனுக்காகக் கூடுதல் விலை கொடுத்ததே அந்தக் கூர்மைக்காகத்தான் என்றால், அதை ஆண்டின் பாதிக்கு மேல் விட்டுக்கொடுப்பது என்ன சிக்கனம்?

இரண்டு செட் என்பது இரட்டைச் செலவு என்ற கணக்கும் முழுச் சரியல்ல. ஒன்று ஓடும்போது மற்றது தேயாமல் கிடக்கிறது. கூடுதலாகச் செலவாவது ரிம்களுக்கும், ஆண்டுக்கு இருமுறை மாற்றும் கூலிக்கும், வைக்க இடமில்லாவிட்டால் களஞ்சிய வாடகைக்கும்தான்.

வின்டர் டயர் என்று முடிவெடுத்துவிட்டேன். அதிலும் வகைகள் உண்டா?

உண்டு. வேகரக எஸ்.யூ.வி. வைத்திருப்பவர் அதிக நேரம் செலவிட்டு யோசிக்க வேண்டிய இடமும் இதுதான்.

ஒரு குடும்பம் மத்திய ஐரோப்பாவின் வீதிகளை மனதில் வைத்து உருவானது. ஜெர்மனியில் ஜனவரியிலும் வீதி பெரும்பாலும் ஈரமாகவோ உலர்ந்தோ இருக்கும்; வாகனங்கள் வேகமாக ஓடும்; பனி இடையிடையே வரும். மிஷ்லென் பைலட் அல்பின் 5 எஸ்.யூ.வி., பிரெல்லி ஸ்கோர்ப்பியன் வின்டர் ஆகியவை இந்த வகை. ரப்பர் சற்று உறுதியானது; வேகத்தில் ஸ்டியரிங் தெளிவாக இருக்கும்; குளிர்ந்த ஈர வீதியில் பிரேக் நன்றாகப் பிடிக்கும்.

மற்றக் குடும்பம் வடதுருவ வட்டாரத்துக்கானது; நோர்டிக் வகை என்பார்கள். நொக்கியன் ஹக்கபெலீட்டா ஆர்5 எஸ்.யூ.வி., மிஷ்லென் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ எஸ்.யூ.வி., பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக் டி.எம்.-வி2 ஆகியவை இதில் சேரும். ஹக்கபெலீட்டா என்ற பெயர் 1936 முதல் பின்லாந்திலிருந்து வருகிறது. பிளிசாக் 1988இல் ஜப்பானில் பிறந்தது. இவற்றின் ரப்பர் மிக மென்மையானது. ஐஸிலும் ஆழமான பனியிலும் இவையே மேல். அந்த மென்மைக்கு ஒரு விலை உண்டு. பத்துப் பாகை வெயில் அடிக்கும் மார்ச் பிற்பகலில், ஈரமான 404இல், கனமான வாகனம் சற்று மிதப்பது போல நடந்துகொள்ளும்; ஈர வீதியில் நிற்பதற்கும் கூடுதல் தூரம் எடுக்கும்.

ரொறன்ரோவின் குளிர்காலம் எதற்கு நெருக்கமானது? ஜனவரியின் சராசரி பூஜ்யத்துக்கு நான்கைந்து பாகை கீழே. இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்கள் ஏராளம். உப்புக் கரைந்த கறுப்பு ஈரமே பெருவீதிகளின் வழமையான தோற்றம். இந்த நிலைமைக்கு, இந்த வாகனங்களுக்கு, முதல் குடும்பத்தையே தெரிவு செய்வேன். ஒட்டாவா, சட்பரி, மஸ்கோகா வாசிகளுக்கும், வாரந்தோறும் 400இல் வடக்கே ஏறிக் கொலிங்வுட் பக்கம் பனிச்சறுக்குக்குப் போகிறவர்களுக்கும் பதில் மாறும். ஜோர்ஜியன் விரிகுடாவின் ஈரத்தை அள்ளிவரும் காற்று பரி நகரத்தைத் தாண்டியதும் சில நிமிடங்களிலேயே வீதியை மறைத்துவிடும். அங்கே இரண்டாவது குடும்பம்தான் வேண்டும்.

வாகனத்தில் 21 அங்குலச் சில்லு இருக்கிறது. அதே அளவில் வின்டர் டயர் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை, உற்பத்தியாளர் அனுமதிக்கும் மிகச் சிறிய சில்லுக்கு இறங்குவதே நல்லது. 2019–2023 கயெனில் 21 அங்குலத்துக்கு முன்னால் 285/40, பின்னால் 315/35 என்ற அளவுகள் (முதல் எண் மில்லிமீற்றரில் அகலம்; அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை வீதம் என்பது). 19 அங்குலத்துக்கு இறங்கினால் முன்னால் 255/55, பின்னால் 275/50. கணக்குப் போட்டால் முன் டயரின் வெளிவிட்டம் 21 அங்குலச் சில்லில் 761, 19 அங்குலச் சில்லில் 763 மில்லிமீற்றர். ஆகவே வேகமானிக்குக் குழப்பமில்லை. மாறுவது பக்கச்சுவரின் உயரம்: 114 மில்லிமீற்றரிலிருந்து 140 மில்லிமீற்றர். பெப்ரவரி பிறந்தால் ரொறன்ரோ வீதிகளில் வாய்பிளக்கும் குழிகளை நினைத்தால் அந்த 26 மில்லிமீற்றர் ரப்பர் ரிம்மைக் காக்கும் காப்பு. டயர் ஒடுங்கும்போது பனிச்சேற்றை வெட்டிக்கொண்டு வீதியைத் தொடுவதும் எளிதாகிறது. விலையும் குறைவு.

தடையாக இருப்பது பிரேக். டங்ஸ்டன் கார்பைட் பூசிய பிரேக் தட்டுகள் உள்ள கயென் டர்போவில் முன் தட்டின் விட்டமே 415 மில்லிமீற்றர்; 19 அங்குல ரிம்முக்குள் அது அடங்காது, குறைந்தது 20 அங்குலம் தேவை. செராமிக் பிரேக் தெரிவுசெய்யப்பட்ட வாகனத்தில் தட்டு இன்னும் பெரியது. எனவே வாகன அடையாள எண்ணைக் கொடுத்து, அந்தக் குறிப்பிட்ட வாகனத்துக்கு எந்த அளவு அனுமதி என்று எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே ரிம் வாங்குங்கள்.

எக்ஸ்5-இல் 20 அங்குலத்துக்கு மேலே முன்பின் அகலங்கள் வேறுபடுவது வழக்கம். 19 அங்குலத்துக்கு நான்கு சில்லிலும் 265/50 போடலாம். இதனால் முன்பின் மாற்றிப் போட்டு நான்கையும் சீராகத் தேயவிடும் வசதி கிடைக்கிறது. அகலம் வேறுபடும் அமைப்பில் அது முடியாது.

இணையத்தில் பழைய செட் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 2024 மாதிரியாண்டின் கயெனில் டயரின் வெளிவிட்டம் பெரிதாக்கப்பட்டுள்ளது. "கயென் வின்டர் செட்" என்று மட்டும் விளம்பரத்தில் இருந்தால் ஆண்டைக் கேட்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

என்0, நட்சத்திரம், எம்.ஓ. என்ற அடையாளங்கள் கட்டாயமா?

போர்ஷேக்காக அந்நிறுவனத்துடன் சேர்ந்து சரிசெய்யப்பட்ட டயரில் என் என்ற எழுத்தும் ஓர் இலக்கமும், பி.எம்.டபிள்யூ.க்கானதில் நட்சத்திரமும், மெர்சிடிஸுக்கானதில் எம்.ஓ.வும் இருக்கும். சட்டப்படி கட்டாயமில்லை. முதல் குடும்பத்து வின்டர் டயர்களில் இவ்வடையாளத்துடன் கிடைத்தால் அதையே வாங்குவது நன்று; நோர்டிக் வகையில் பெரும்பாலும் கிடைக்காது, அதற்காக அதைத் தவிர்க்க வேண்டியதுமில்லை. என்0 இரண்டும் என்1 இரண்டும் என்று கலக்க மட்டும் வேண்டாம்.

வேகக் குறியீடும் சுமைச் சுட்டெண்ணும் எவ்வளவு முக்கியம்?

வேகத்தில் விட்டுக்கொடுக்கலாம், சுமையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வின்டர் டயர்களில் டி என்றால் மணிக்கு 190, எச் என்றால் 210, வி என்றால் 240 கிலோமீற்றர் வரை. 401இல் நூற்றுச் சொச்சத்தில் போகும் நமக்கு இவற்றில் எதுவும் போதும். ஆனால் உயர்ந்த குறியீடுள்ள டயர் பொதுவாக உறுதியான கட்டமைப்புடன் வருவதால் ஸ்டியரிங் தெளிவாக இருக்கும். சுமைச் சுட்டெண் வேறு விடயம். 111 என்றால் ஒரு டயர் 1,090 கிலோகிராம் தாங்கும். ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளிலும் கையேட்டிலும் சொல்லப்பட்டதைவிடக் குறைந்த எண்ணுள்ள டயரை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், இரண்டு தொன் வாகனத்துக்கு வாங்கக் கூடாது.

இரண்டு வின்டர் டயர் மட்டும் போட்டால்?

கூடாது. முன்னால் மட்டும் போட்டால் பிரேக் அடிக்கும்போது பின்பகுதி சுழன்று முன்னே வரப் பார்க்கும். பின்னால் மட்டும் போட்டால் வாகனம் திரும்ப மறுக்கும். நான்கு சில்லு இயக்கத்தில் இன்னொரு தீங்கும் உண்டு: முன்பின் டயர்களின் சுற்றளவு உற்பத்தியாளர் கருதியதற்கு மாறாக வேறுபட்டால், வலுவைப் பங்கிடும் பெட்டி ஓய்வின்றி அந்த வேறுபாட்டைச் சமாளித்துக்கொண்டே இருந்து சூடேறித் தேயும். அதைத் திருத்தும் செலவில் பல செட் டயர் வாங்கலாம்.

தனி ரிம் வாங்குவது அவசியமா, இருக்கும் ரிம்மிலேயே மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் டயரின் விளிம்பு இழுபடுகிறது, ரிம்மில் கீறல் விழும் வாய்ப்பும் இருக்கிறது. உப்பு அலுமினிய ரிம்மின் பூச்சுக்குள் புகுந்து அரிக்கும். அரித்த விளிம்பு வழியே காற்று மெல்லக் கசியும். அழகான கோடை ரிம்மை நான்கு மாத உப்பிலிருந்து காப்பாற்றுவதே தனி செட் வாங்கப் போதிய காரணம்.

வேறு நிறுவனத்தின் ரிம் வாங்கினால் சில்லாணிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். போர்ஷே ஆணியின் தலை ரிம்மில் உட்காரும் இடம் உருண்டையாக, பந்தின் அடிப்பகுதி போல இருக்கும். சந்தையில் விற்கும் பல ரிம்களின் துளை கூம்பு வடிவானது. உருண்டைத் தலையைக் கூம்புத் துளையில் இறுக்கினால் மெல்லிய வளையம் ஒன்றில் மட்டுமே தொடுகை ஏற்படும். இறுகியது போலத் தோன்றி ஓட்டத்தில் தளரும். ரிம்முக்குப் பொருந்தும் ஆணிகளையே கேட்டு வாங்க வேண்டும். போட்டபின் 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் இறுக்கத்தை மறுபடி பார்ப்பதும் தவறக் கூடாத வேலை.

காற்றழுத்த உணரிகளும் இரண்டாவது செட்டுக்குத் தேவை. போர்ஷேயில் திரைப்பட்டியலுக்குள் போய்க் கோடையா குளிரா, என்ன அளவு என்று தெரிவு செய்ய வேண்டும். கராஜில் இதை மறந்துவிடுவதால்தான் பலருக்கு எச்சரிக்கை விளக்கு அணையாமல் இருக்கிறது. காற்றுத் தொங்கல் (ஏர் சஸ்பென்ஷன்) உள்ள வாகனத்தை உயர்த்துமுன் அதன் தானியங்கி உயரச் சீராக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதையும் புதிய கராஜ் என்றால் சொல்லிவையுங்கள்.

எப்போது மாற்ற வேண்டும்? எப்போது கழற்ற வேண்டும்?

நவம்பர் முதல் இரு வாரங்களுக்குள் போட்டு, ஏப்ரல் நடுப்பகுதியில் கழற்றுவது ரொறன்ரோவுக்குப் பொருந்தும். முதல் பனி கொட்டிய மறுநாள் கராஜில் இடம் கேட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். சோம்பலில் வின்டர் டயரை ஜூன் வரை ஓட்டுபவர்கள் சூடான வீதியில் அதன் ரப்பரை அழிப்பதுடன், நிற்கும் தூரத்தையும் நீட்டிக்கொள்கிறார்கள்.

குளிர் வந்ததும் காற்றழுத்த விளக்கு எரிகிறது. டயரில் ஓட்டையா?

பெரும்பாலும் இல்லை. வெப்பநிலை ஏறத்தாழ 5.5 பாகை குறைய ஒரு பி.எஸ்.ஐ. (டயர்க் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் குறையும். பதினைந்து பாகையில் நிரப்பிய டயர், பூஜ்யத்துக்குக் கீழே ஏழு பாகையில் நான்கு பி.எஸ்.ஐ. இழந்திருக்கும். வாகனம் ஓடிச் சூடேறுமுன், வெளிக்குளிரில் அளந்து நிரப்ப வேண்டும். சூடாக்கிய கராஜில் அளந்த எண் வெளியே வந்ததும் பொய்த்துவிடும். பனியில் பிடி கூடும் என்று காற்றைக் குறைத்து ஓடுவது இந்த எடைக்கு ஒவ்வாத பழக்கம்.

தேய்ந்துவிட்டதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

இரண்டு டொலர் டூனிக் காசு ஒன்றை எடுத்துத் தவாளிப்பில் செங்குத்தாக நுழையுங்கள். துருவக் கரடியின் பாதங்கள் வரை ரப்பர் மறைத்தால் டயர் புதிது போன்றது. ஓரத்து எழுத்துகள் வரைதான் மறைகிறது என்றால் பாதி தேய்ந்தது. வெளிவளையத்தின் வெள்ளிநிறப் பகுதியைத் தாண்டவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். முன் டயரிலும் பின் டயரிலும், உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் பாருங்கள். இந்த வாகனங்களில் பின் டயரின் உள்விளிம்பு முந்தித் தேய்வது உண்டு, நின்று பார்த்தால் அது தெரியாது.

சட்டம் அனுமதிக்கும் 1.5 மில்லிமீற்றர் வரை வின்டர் டயரை ஓட்டுவதில் பயனில்லை. 4 மில்லிமீற்றரை நெருங்கும்போதே பனியைக் கவ்வும் திறன் பெரிதும் போய்விடுகிறது.

பாவித்த வின்டர் டயர் வாங்கலாமா?

டயரின் வயதைப் பார்த்து வாங்கலாம். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் உற்பத்தியான வாரமும் ஆண்டும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இந்த இலக்கம் முழுமையாக இருக்கும். உட்பக்கம் குனிந்து பார்க்க வேண்டிவரும். தவாளிப்பு ஆழமாக இருந்தும் ஆறேழு ஆண்டு கடந்திருந்தால் ரப்பரின் மென்மை குறைந்திருக்கும், விட்டுவிடுங்கள்.

எக்ஸ்5-இல், காற்றுப் போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-பிளாட் டயர் இருந்தது. வின்டருக்கும் அதுவே வேண்டுமா?

கட்டாயமில்லை. சாதாரண டயருக்கு மாறினால் ஓட்டம் மென்மையாகும், தெரிவும் விரியும். ஆனால் மாற்றுச் சில்லு இல்லாத வாகனமாயின், காற்று அடைக்கும் கருவியும் ஒட்டுத்திரவமும் பின்பெட்டியில் இருக்க வேண்டும்.

காப்புறுதியில் கழிவு கிடைக்குமா?

கிடைக்கும். 2016 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் எல்லா வாகனக் காப்புறுதி நிறுவனங்களும் வின்டர் டயருக்குக் கழிவு தர வேண்டும். தானாக வராது, நீங்கள் அறிவிக்க வேண்டும், பற்றுச்சீட்டைக் கேட்கவும் கூடும். ஆல்-வெதருக்கும் கொடுப்பார்களா என்பது நிறுவனத்தைப் பொறுத்தது.

ஆணி பதித்த டயர் இன்னும் நன்றாகப் பிடிக்குமே?

ஐஸில் பிடிக்கும். ஆனால் வட ஒன்ராறியோவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு; தெற்கே வசிப்பவர் போட முடியாது. அங்கே குடியிருந்தாலும் குளிர்காலத்தில் அடிக்கடி ரொறன்ரோவுக்கு வந்துபோகிறவர் என்றால் ஆணியில்லாத நோர்டிக் டயரே வசதி.